ஈரம் வேறு, முதிர்ச்சி வேறு: செட்டிநாட்டு வெயிலில் பைப் புகையிலையைப் பேணுவது எப்படி?

புதுப் புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள வேறுபாட்டைச் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பங்குனியில் வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புத் தூவி ஜாடியில் அடைக்கும்போது புளி இளம்பழுப்பாக, நார் நாராகப் பிரிந்து நிற்கும். அடுத்த ஆண்டு அதே ஜாடியைத் திறந்தால் கறுத்து, கசிந்து, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கட்டியாகியிருக்கும். அந்தக் கறுப்பும் பிசுக்கும் தண்ணீர் பட்டதால் வந்தவை என்று எந்த ஆச்சியும் சொல்லமாட்டார். ஆனால் பைப் புகையிலையைப் புதிதாக வாங்குவோர் அந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். கைக்கு மெத்தென்று இருந்தால் நன்றாக முதிர்ந்திருக்கிறது என்றும், சருகாக நொறுங்கினால் பழசாகிவிட்டது என்றும் முடிவு கட்டுகிறார்கள். மென்மை பெரும்பாலும் ஈரத்தால் வருவது; நொறுங்குவது காற்றுப் பட்டதால் நேர்வது. முதிர்ச்சி இவ்விரண்டோடும் சேராமல் தனியே நடக்கும் மாற்றம். இவற்றைப் பிரித்தறியப் பழகிவிட்டால் சேமிப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

காரைக்குடி வீடொன்றில் பல ஆண்டுகளாகப் புட்டிகளை அடுக்கி வைத்து, அவற்றில் சிலவற்றைக் கெடுத்தும் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுங்கான், அதாவது பைப், புகை சிகரெட் புகையைப் போல் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலரிடம் இன்றும் இருக்கிறது. அது சரியன்று, வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் சுங்கான் பிடிப்பவரையும் விட்டுவைப்பதில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகளே இவை; பழக்கமில்லாதவர்களுக்கு அழைப்பு அல்ல.

முதல் வேலை: இலையையும் வெட்டையும் அறிதல்

டப்பாவைத் திறப்பதற்கு முன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்து, உள்ளே இருப்பது எந்த இலை, எந்த வெட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா இலை, சூடான குழாய்கள் ஓடும் கொட்டகையில் சில நாட்களிலேயே உலர்த்தப்படுவது. இலையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய கட்டத்தில் உலர்ந்துவிடுவதால் அந்தச் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரைகூட அது இருக்கும். பர்லி இலையோ நிழலில் வாரக்கணக்கில் மெல்ல உலர்கிறது. அந்த வாரங்களில் இலை தன் சர்க்கரையை ஏறத்தாழ முழுவதும் தானே செலவழித்துவிடுகிறது. எஞ்சுவது துளைகள் நிறைந்த, பாகு ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும் இலை. நறுமணம் ஏற்றிய கலவைகளில் பர்லி அதிகம் இருப்பதற்கு அதுவே காரணம். லட்டாக்கியா, புகையில் உலர்த்திய இலை. முன்பு சிரியாவிலிருந்தும் பின்னர் சைப்ரஸிலிருந்தும் வந்தது. பெரீக், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்ற சிறு பகுதியில் மரப்பீப்பாய்க்குள் அழுத்தி ஓராண்டு போலப் புளிக்கவைக்கப்படுவது. சர்க்கரை எவ்வளவு என்பதே பின்னாளில் இலையின் தன்மை எவ்வளவு மாறும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே வர்ஜீனியா அதிகம் மாறும், பர்லி அதிகம் மாறாது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டைப் பொறுத்தவரை, ரிப்பன் என்பது சேமியாவைவிடச் சற்று அகலமான உதிரி இழை. ஃப்ளேக் என்பது அழுத்திய கட்டியைத் தகடு தகடாகச் சீவியது. ஓலைச்சுவடி அடுக்கியதுபோல் டப்பாவில் படுத்திருக்கும். சீவாமல் விட்ட கட்டி பிளக். கையில் எடுத்தால் துணி சோப்புக் கட்டி போலக் கனக்கும். கயிறாக முறுக்கியதை வட்ட வட்டமாக நறுக்கினால் நாணய வெட்டு. உதிரியாக உள்ளதில் காற்று எளிதில் நுழையும், எளிதில் காயும். அழுத்தியதில் வெளிப்பக்கம் காய்ந்தாலும் நடுவில் ஈரம் நெடுநாள் நிற்கும். ஒரே நாளில் திறந்து வைத்த ரிப்பனும் பிளக்கும் ஒரு மாதம் கழித்து இரண்டு வேறு வயதுடையவை போலத் தோன்றுவது இதனால்தான்.

விரல் சோதனை

ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிறகு விடுங்கள். அழுத்திய வடிவிலேயே உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அழுத்தும்போதே நொறுங்கும் ஓசை கேட்டால் ஈரம் போதாது. மெல்ல அவிழ்ந்து, ஆனால் உதிராமல், பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவே பதம். பாகு காய்ச்சுபவர்கள் கம்பிப் பதத்தை விரலிடையில் பார்ப்பது போன்ற வேலைதான் இது. நான்கைந்து முறை செய்தால் கை தானே சொல்லத் தொடங்கிவிடும். எண்ணாகச் சொல்வதென்றால், பதமான புகையிலையின் எடையில் சுமார் 12 முதல் 15 விழுக்காடு நீர் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65 விழுக்காடு இருக்கும் இடத்தில் அது கூடாமலும் குறையாமலும் நிற்கும்.

இந்தச் சோதனை ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெனிலா, செர்ரி போன்ற மணமேற்றிய கலவைகளில் காயாமல் இருப்பதற்காக பிராப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். இவை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதோடு, இலைக்குத் தாமே ஒரு வழுவழுப்பையும் தருகின்றன. இத்தகைய கலவையை ஒரு மணி நேரம் விசிறிக்கடியில் பரப்பிவைத்தாலும் விரலில் ஒட்டத்தான் செய்யும். காயவில்லையே என்று மேலும் மேலும் உலர்த்தினால் மணம் போகுமே தவிரப் பிசுக்குப் போகாது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மெத்தென்று இருப்பதையெல்லாம் முதிர்ச்சி என்று நினைக்கும் பிழையும் பெரும்பாலும் இதுபோன்ற டப்பாவில்தான் தொடங்குகிறது.

புட்டிக்குள் நடப்பது

காற்றுப் புகாமல் மூடிய புட்டிக்குள் முதலில், எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை இலை மெல்லச் செலவழிக்கிறது. பிறகு ஆக்சிஜன் இல்லாத நிலையில் நெடுங்காலம் நடக்கும் மந்தமான மாற்றங்கள் தொடர்கின்றன. முதல் சில மாதங்களில் தன்மை மாறுவதில்லை. வெவ்வேறு இலைகளின் மணங்கள் ஒன்றோடொன்று கலந்து இணங்குகின்றன, அவ்வளவே. ஓராண்டு, ஈராண்டில் வர்ஜீனியாவின் எலுமிச்சை மஞ்சளும் செம்பழுப்பும் ஒரு படி இறங்கி இருண்டுவிடும். ஐந்தாண்டுகளுக்கு அருகில் ஃப்ளேக்கின் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். மேற்பரப்பில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு வரும். தொட்டால் ஈரமில்லை, ஆனால் தோலைத் தொடுவதுபோல் வளைந்து கொடுக்கும். இந்த நெகிழ்வுதான் முதிர்ச்சியின் அடையாளம். ஈரமான இலை வளையும்போது குளிர்ச்சியாகவும் சொதசொதப்பாகவும் படும். முதிர்ந்த இலை உலர்ந்த நிலையிலேயே வளையும். இரண்டையும் அருகருகே வைத்து ஒருமுறை தொட்டுப் பார்ப்பது, நான் இங்கே எழுதுவதைவிட விரைவாகப் புரியவைக்கும்.

லட்டாக்கியா கலந்தவற்றில் இவ்வளவு பெரிய மாற்றம் கைக்குத் தெரியாது. புகைமணத்தின் கூர்மைதான் ஆண்டுகளோடு மழுங்கும். விறகடுப்பு வாசம் வேண்டும் என்று விரும்புகிறவர் அதை வைத்திருந்து பயனில்லை, புதிதாகவே பயன்படுத்த வேண்டும். மணமேற்றிய கலவைகளையும் அப்படியே சொல்லலாம். மேலே தெளித்த மணம் முதலில் போகும். அடியில் பாகு கசிந்து தேங்கும்.

புட்டியும் இடமும்

இப்போது சேமிப்புக்கு வருவோம். ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் உள்ள கண்ணாடி ஜாடி, அல்லது இறுக்கமான உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டி போதும். 250 மில்லிலிட்டர் புட்டியில் 50 கிராம் அடங்கும். 500 மில்லிலிட்டரில் 100 கிராம் அடங்கும். சிறு புட்டிகளாக வைப்பதே நல்லது, ஏனெனில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே நடந்துகொண்டிருந்த மாற்றம் காற்றுப்பட்டுத் தடம் மாறுகிறது. புட்டியை வெந்நீரில் கழுவி, வெயிலில் ஒரு பகல் முழுதும் கவிழ்த்து உலர்த்தி, ஈரம் துளியும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு நிரப்புங்கள். ஊறுகாய் இருந்த ஜாடி வேண்டாம். கண்ணாடி கழுவினால் போய்விடும், ரப்பர் வளையத்தில் ஏறிய வெந்தயமும் பெருங்காயமும் போகாது. வளையத்தை மாற்ற முடியுமானால் மட்டும் அந்த ஜாடியை எடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பைகள் ஓரிரு வாரத்துக்குத் தாங்கும். மாதக்கணக்கில் வைத்தால் மணம் அவற்றின் வழியே வெளியேறிவிடும், இலையும் காய்ந்துவிடும்.

பதமான நிலையில் அல்லது அதற்குச் சற்றே காய்ந்த நிலையில்தான் அடைக்க வேண்டும். காய்ந்ததைத் திருத்தலாம், பூசணம் பிடித்ததைத் திருத்த முடியாது. ஐயம் இருந்தால் காய்ந்த பக்கமாகவே தவறு செய்யுங்கள். மூடியபின் கலவையின் பெயர், வாங்கிய மாதம், அடைத்த நாள், அன்று விரலுக்கு எப்படி இருந்தது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நான்காவதைப் பலர் எழுதுவதில்லை; ஐந்தாண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது அதுதான்.

எங்கே வைப்பது என்பதில் செட்டிநாட்டு வீடு ஒரு வரம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, முற்றத்திலிருந்து விலகிய உள்ளறை என்று வெயிலைத் தள்ளி நிறுத்தவே கட்டப்பட்ட வீடு அது. வெளியே சித்திரை வெயில் 39 பாகைக்கு ஏறி இறங்கினாலும் கீழ்த்தளத்து உள்ளறையின் வெப்பம் அந்த அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. புகையிலைக்கு வெப்பத்தைவிட வெப்பத்தின் ஏற்ற இறக்கமே கெடுதல். பகலில் சூடேறிய புட்டிக்குள் இலை விடும் நீராவி, இரவு குளிரும்போது மூடியின் உட்பக்கத்தில் துளியாகப் படிந்து மீண்டும் மேல் இலையில் சொட்டும். பூசணம் தொடங்குவது அந்த மேல் இலையில்தான். ஆகவே மாடி அறை வேண்டாம், மேற்குச் சுவரோர அலமாரி வேண்டாம், முற்றத்தை ஒட்டிய திண்ணையும் வேண்டாம். தளத்தில் நேரே வைக்காமல் மரப்பெட்டியிலோ மர அலமாரியின் கீழ்த்தட்டிலோ வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒளி படும் இடத்தில் இலை வெளிறும். புதிய காங்கிரீட் வீடுகளில் இருப்பவர்கள், நாள் முழுதும் வெப்பம் அதிகம் மாறாத உள் அலமாரி ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிறு வெப்பமானியை ஒரு வாரம் அங்கே வைத்துப் பார்த்தால் ஊகிக்க வேண்டியதில்லை. வெனிலா மணம் வீசும் புகையிலையைக் குழந்தைகள் தின்பண்டம் என்று நினைத்து வாயில் போட்டால் நிகோட்டின் நஞ்சாகும் என்பதால், அந்த அலமாரிக்குப் பூட்டும் வேண்டும்.

சமையலறைக்கு அருகில் வைக்கவே கூடாது. மசாலா வாசனை ஏறும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வண்டு. மல்லியிலும் மஞ்சளிலும் மிளகாயிலும் விழும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்பு வண்டு இருக்கிறதே, அதற்கு உலகம் வைத்திருக்கும் பெயரே புகையிலை வண்டு. இரண்டும் ஒரே பூச்சி. புகையிலையில் ஏற்கெனவே முட்டை இருந்தால், நம் ஊர் வெப்பத்தில் அது பொரிக்கச் சில நாட்களே போதும். ஊசித்துளை போன்ற ஓட்டைகளும் அடியில் மாவுபோன்ற தூளும் கண்டால் அதுதான். உதிரியாக வாங்கிய புகையிலையை அடைத்த புட்டியோடு, நன்கு மூடி, உறைபெட்டியில் கழித்தல் 18 பாகையில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அதன்பின் வெளியே எடுத்தால் முட்டையும் புழுவும் அழியும். உறைந்த நிலையில் இலை கண்ணாடிபோல் உடையும் என்பதால் நடுவில் புட்டியைக் குலுக்காதீர்கள், திறக்காதீர்கள்.

பருவத்துக்கு ஏற்ற கை

பங்குனி, சித்திரையிலும், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்களிலும், ஃப்ளேக்கை உதிர்த்துத் தாளில் பரப்பிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் அது பதம் கடந்திருக்கும். குளிரூட்டிய அறையிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை தலைகீழ். பொரித்த அப்பளம் தட்டிலேயே நமத்துப்போகும் காற்றில் புகையிலை எங்கிருந்து காயும்? பரப்பி வைத்தால் இன்னும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் புதிய டப்பாவைத் திறக்காமல் இருப்பதே சிறந்தது. திறந்தே ஆக வேண்டுமென்றால் குளிரூட்டி ஓடும் அறையில் உலர்த்தி, அங்கேயே அடையுங்கள்.

காய்ந்ததை மீட்பதற்குப் பலர் பல வழி சொல்வார்கள். ஆரஞ்சுத் தோலைப் போட்டு வை என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு கார்த்திகை மாதத்தில் அப்படியே செய்தேன். நான்காம் நாள் தோலின்மேல் பச்சைப் பூசணம், ஆறாம் நாள் புகையிலையின்மேலும் அது. ஆப்பிள் துண்டும் உருளைக்கிழங்கும் அந்த வகைதான். நான் இப்போது செய்வது இதுதான்: மெருகேற்றாத சுட்ட மண் ஓடு ஒன்றை, நமக்கு மானாமதுரைப் பானை உடைசல் கிடைக்காமலா போகும், நன்றாகக் கழுவிக் கொதிக்கவைத்து உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படும்போது அதைக் காய்ச்சி வடித்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சொட்டாதபடி துடைத்து, புகையிலையைத் தொடாமல் ஒரு சிறு அலுமினியத் தாள்மேல் வைத்து, புட்டியை மூடிவிட வேண்டும். மறுநாள் கிளறி, விரல் சோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று நாளில் பதம் வந்துவிடும். வந்ததும் அந்த மண் ஓட்டை எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு நீரைத் தெளித்தால் வெளி இழை ஊறி, உள் இழை சருகாகவே நிற்கும். நெடுங்காலம் சருகாகக் கிடந்த புகையிலை இப்படி மீண்டும் வளையும், ஆனால் காற்றோடு போன மணம் திரும்பாது. வளைகிறதே என்று அதை முதிர்ந்தது எனக் கொள்ளாதீர்கள்.

வெண்மை தெரிந்தால்

முதிர்ந்த வர்ஜீனியா ஃப்ளேக்கின்மேல் சில சமயம் வெண்ணிறப் படிவு தெரியும். பதறி எறிந்துவிடாதீர்கள், பதறாமல் புகைத்தும் விடாதீர்கள். கைப்பேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கற்கண்டுப் பொடி தூவியதுபோல் தனித்தனியாக மின்னினால், அது இலையிலிருந்து வெளிவந்து உறைந்த படிகம், நல்ல அறிகுறி. மின்னாமல் பஞ்சுபோல், சிலந்தி வலைபோல் படர்ந்து, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்தால் பூசணம். மூக்கும் உதவும்: பூசணத்துக்கு மழையில் நனைந்த சாக்கின் நாற்றம் உண்டு. பூசணம் ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தாலும் புட்டி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழை எங்கெங்கும் போயிருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடுபவர்களுக்கு எப்போதாவது மூடி திறக்காத பழைய தகர டப்பா கண்ணில் படலாம். ரங்கூனிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த பெட்டிகளோடு வந்தவை என்று கதை சொல்வார்கள். கதைக்கு விலை கொடுக்காதீர்கள். காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். உலர்ந்த இலை சலசலத்தால் எங்கோ துளை விழுந்திருக்கிறது, உள்ளே இருப்பது தூள். ஓசையின்றி ஒரே கட்டியாக அசைந்தால் ஓரளவு நம்பலாம். விளிம்பிலும் அடிப்பக்க மூட்டிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி சற்று உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். புகையிலையைப் பொறுத்தவரை அது டப்பா ஒழுகவில்லை என்பதற்கான அடையாளமும்கூட. நம் கடற்காற்று எட்டும் தேவகோட்டைப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள், வாங்கிய புதிய தகர டப்பாக்களையும் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பது நல்லது.

நெடுநாள் வைத்ததைத் திறக்கும்போது

பல ஆண்டு கழித்துப் புட்டியைத் திறக்கும்போது முதலில் காடி போன்ற நெடியோ அம்மோனியா வாசமோ வந்தால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மூடியைத் தளர்த்தி அரை மணி நேரம் விட்டால் அது அடங்கும். ஒட்டிய தகடுகளை நகத்தால் பிரிக்காதீர்கள். அடுக்கின் விளிம்பில் வெண்ணெய்க் கத்தியின் மழுங்கிய முனையைச் செருகி நெம்பினால் ஓலைபோல் எழுந்துவரும். பிரியவே மறுத்தால் கட்டியாகவே எடுத்து, இழையோட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய சீவல்களாக வெட்டிவிடலாம். முதிர்ந்த தகட்டைப் புதியதைப் போல் இரு உள்ளங்கைக்கிடையே தேய்த்தால் மாவாகிவிடும். விரல்நுனியால் இரண்டு மூன்று மடிப்பாக மடித்துச் சுங்கானின் கிண்ணத்தில் வைப்பதே அதற்கு ஏற்றது. தேவையான அளவு எடுத்ததும், எஞ்சியதை அதே பெரிய புட்டியில் விடாமல், அளவுக்குப் பொருந்தும் சிறிய புட்டிக்கு மாற்றி, பழைய சீட்டின் கீழே அன்றைய நாளையும் விரலுக்குப் பட்ட பதத்தையும் எழுதி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.